பாராசிட்டமால் கட்டுரையில் அளவை எழுதலாமா, வேண்டாமா?

கேள்வி: ஈசூன் ஆசிரியை

எல்லாருக்கும் வணக்கம். நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. சிங்கப்பூர் ஈசூனில், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் மகள், மருமகன், பேரனோடு இருக்கிறேன். மூன்று வருடமாக ஓர் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதிவருகிறேன். மரங்கள், பறவைகள், நம் ஊர்த் தெருப்பெயர்கள் என்று தொடங்கியது, இப்போது மருந்துகள் பக்கம் வந்து நிற்கிறது.

பாராசிட்டமால் கட்டுரை முக்கால்வாசி முடிந்துவிட்டது. எதற்குக் கொடுக்கிறார்கள், கல்லீரலை எப்படிப் பாதிக்கும், அமெரிக்காவில் ஏன் அதையே அசெட்டமினோஃபென் என்கிறார்கள் எல்லாம் எழுதியாயிற்று. ‘உட்கொள்ளும் அளவு’ என்று ஒரு தலைப்புப் போட்டேன். பதினொரு நாளாக அதற்குக் கீழே வெறும் வெள்ளை. எழுதத் தெரியாமல் இல்லை. எழுதலாமா என்றுதான் தெரியவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் கேட்டால் நேர்மையாக இருக்காது.

போன நவம்பரில் ஒரு ராத்திரி. மகள் வேலை விஷயமாக வெளிநாட்டில். மருமகனுக்கு இரவு வேலை. பேரனுக்கு அப்போது பதினாலு மாதம், பத்து கிலோ. உடம்பு அனலாகக் கொதித்தது. வீட்டில் இருந்த காய்ச்சல் மருந்து, திருச்சியிலிருந்து வந்த உறவினர் பையோடு கொடுத்துவிட்டுப் போன சிறிய பாட்டில். 15 மி.லி. பாட்டில். அதோடு வந்த சொட்டுக்குழாய் பெட்டியிலேயே உடைந்துபோயிருந்தது.

எவ்வளவு கொடுப்பது? போனில் தேடினேன். தமிழில் ஒரு பக்கம் வந்தது. ஆறு மாதம் முதல் இரண்டு வயதுவரை 5 மி.லி., நாளைக்கு நான்கு முறைக்கு மேல் வேண்டாம் என்று தெளிவாக, பிழையில்லாத தமிழில் எழுதியிருந்தது. தமிழ் நன்றாக இருந்ததால் நம்பினேன் என்றுகூடச் சொல்வேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளின் கட்டுரை திருத்தியவளுக்கு அது ஒரு பலவீனம். அளக்கும் கரண்டியில் கோடுவரை ஊற்றி, ஒன்பது மணிக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை கொடுத்தேன்.

ஐந்து மணிக்கு மூன்றாவது முறை ஊற்றப் போகும்போதுதான் கை நின்றது. இரண்டே வேளை கொடுத்திருக்கிறேன், பாட்டிலில் மூன்றில் இரண்டு பங்கைக் காணோம். குழந்தை மருந்து இப்படித் தீருமா? கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சமையலறை விளக்கடியில் நின்று பொடி எழுத்தைப் படித்தேன். ஒவ்வொரு மி.லி.யிலும் 100 மி.கி. என்று இருந்தது. குளிர்பெட்டிக் கதவில் பழைய உள்ளூர் பாட்டில் ஒன்று கிடந்தது, காலாவதியானது. அதை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு 5 மி.லி.யிலும் 120 மி.கி.

நான் கொடுத்தது 5 மி.லி. அதாவது ஒரு வேளைக்கு 500 மி.கி. ஒரு வளர்ந்த ஆள் விழுங்கும் முழு மாத்திரை. பத்து கிலோ பிள்ளைக்கு.

டாக்சி பிடித்து அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பயமில்லை என்றார்கள். அந்த இளம் டாக்டர் என்னைத் திட்டவில்லை. “பாட்டிம்மா, இன்னும் ரெண்டு நாள் இதே மாதிரி குடுத்திருந்தா நாம வேற மாதிரி பேசிக்கிட்டு இருந்திருப்போம்” என்று மட்டும் தமிழில் சொன்னார். அந்த வாக்கியத்தை மறக்க முடியவில்லை.

பிறகு உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பக்கத்தில் இருந்த எண் பொய்யில்லை. பிரிட்டனில் 5 மி.லி.க்கு 120 மி.கி. உள்ள சிரப்புக்கு, அந்த வயதுக்கு, அதே அளவுதான். என் கையில் இருந்தது வேறு பாட்டில், அவ்வளவுதான். எழுதியவர் பாட்டிலைச் சொல்லவில்லை, நானும் பாட்டிலைப் பார்க்கவில்லை.

என் பாட்டி செம்பவாங்கில், கடற்படைத் தளத் தொழிலாளர் குடியிருப்பில் இருந்தவர். உரைமருந்து கொடுப்பார். வசம்பு, கடுக்காய், ஜாதிக்காய், மாசிக்காய் எல்லாம் கல்லில் உரசுவார். எத்தனை சுற்று என்று அம்மா கேட்டால், “பிள்ளையக் கொண்டா, பாத்துட்டுச் சொல்றேன்” என்பார். அளவு மருந்தில் இல்லை, பிள்ளையில் இருக்கிறது என்று எழுத்துத் தெரியாத அந்தக் கிழவிக்குத் தெரிந்திருந்தது.

அதனால் ஒரு மனது, அளவையே எழுதாதே என்கிறது. இன்னொரு மனது கேட்கிறது: ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு மருந்தோடு வரும் தாள் இருக்கிறது, மருத்துவமனைத் தளங்கள் இருக்கின்றன. தமிழ் மட்டும் படிப்பவருக்கு என்ன இருக்கிறது? நாம் எழுதாமல் விட்டால் அவர் தேடாமல் விடுவாரா? நான் படித்த பக்கம் மாதிரி இன்னொன்றுக்குப் போவார்.

மருந்துத் துறையில் இருப்பவர்கள், கலைக்களஞ்சியத்தில் நெடுநாள் எழுதுகிறவர்கள் சொல்லுங்கள். பதில் வரும்வரை அந்தத் தலைப்பை வெறுமையாகவே வைத்திருக்கிறேன்.

பதில்: பழைய தொகுப்பாளர்

டீச்சர், பேரன் நலம் என்று கேட்டதில் பெரிய நிம்மதி.

நான் பன்னிரண்டு வருடமாகத் தொகுக்கிறேன். என் கருத்து கடுமையானது: அளவு வேண்டாம். ஆங்கில விக்கிப்பீடியாவின் மருத்துவக் கட்டுரைகளுக்கான நடைக்கையேடே அப்படித்தான் சொல்கிறது. மருந்தின் அளவையும், அதைப் படிப்படியாக ஏற்றும் முறையையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை. அந்த அளவைப் பற்றியே நல்ல நூல்கள் விரிவாகப் பேசியிருந்தாலோ, கட்டுரையின் பேச்சுக்கு அது இல்லாமல் முடியாது என்றாலோ, வெவ்வேறு மருந்துகளின் சமமான அளவுகளைப் பட்டியலிடுகிறோம் என்றாலோதான் விலக்கு. ஆஸ்பிரின் ஓர் உதாரணம். வலிக்கு 300 மி.கி. அல்லது அதற்கு மேல், மாரடைப்பைத் தடுக்கத் தினமும் 75 முதல் 100 மி.கி. என்னும்போது, அளவு மாறினால் வேலையே மாறுகிறது. அங்கே எண் என்பது அறிவு. மற்ற இடத்தில் அது செய்முறைக் குறிப்பு. கலைக்களஞ்சியம் செய்முறைக் கையேடு இல்லை.

ஆனால் எனக்குப் பெரிய கவலை வேறு. தமிழ்க் கட்டுரைகளை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்? ஆங்கிலத்தில் பாராசிட்டமால் கட்டுரையில் யாராவது ஓர் எண்ணை மாற்றினால் பல பேர் கண்ணில் படும். தமிழில் நீங்களும் நானும்தான்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். தைராய்டு மாத்திரை பற்றிய ஒரு கட்டுரையில் ‘50 மை.கி.’ என்று இருந்தது, மைக்ரோகிராம். எவரோ ஒருவர் அதை ‘50 மி.கி.’ என்று மாற்றியிருந்தார். விஷமம் இல்லை. அவருடைய மற்ற தொகுப்புகளைப் பார்த்தேன், எல்லாம் ஒற்றுப்பிழை, சந்திப்பிழை திருத்தம். ‘மை’ என்பது தட்டச்சுப் பிழை என்று நினைத்துவிட்டார். ஒரு எழுத்து, ஆயிரம் மடங்கு. ஏழு மாதம் அப்படியே இருந்திருக்கிறது. 50 மி.கி. அளவில் அந்த மாத்திரை கிடையாது என்பதால் யாருக்கும் கேடு வந்திருக்காது. குழந்தைச் சொட்டு மருந்தாக இருந்திருந்தால்? அன்றிலிருந்து எனக்குத் தமிழ்ப் பக்கத்தில் எந்த மருந்தெண்ணையும் பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது.

யாழ்ப்பாணம் மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார், தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். அந்த நூல்களைப் படித்த மாணவனுக்குப் பக்கத்தில் ஆசிரியர் இருந்தார், எதிரில் நோயாளி இருந்தார். நம் பக்கத்தைப் படிப்பவர் பக்கத்தில் யாரும் இல்லை. ராத்திரி ஒரு மணி, போன் வெளிச்சம், அவ்வளவுதான். டீச்சர் சொன்னது அதுதானே.

பதில்: மருந்தாளர், ஜூரோங்

நான் மருந்தாளர். பதினாலு வருடம் கவுண்டரில் நின்றிருக்கிறேன். எந்த இடம் என்பது இங்கே வேண்டாம்.

ஆசிரியை அக்கா, உங்கள் பாட்டி சொன்னதைத்தான் நாங்கள் நாலு வருடம் படித்தோம். குழந்தைக்குப் பாராசிட்டமால் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. உங்கள் பேரனுக்கு 100 முதல் 150 மி.கி. உள்ளூர் சிரப்பில் கிட்டத்தட்ட 4 முதல் 6 மி.லி. திருச்சிப் பாட்டிலில் 1 முதல் 1.5 மி.லி. அதே குழந்தை, அதே மருந்து, நாலு மடங்கு வித்தியாசம். இங்கேயே கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கான சிரப்பில் 5 மி.லி.க்கு 250 மி.கி. இருக்கும். அமெரிக்காவில் முன்பு கைக்குழந்தைகளுக்குத் தனியாகச் செறிவான சொட்டு மருந்து விற்றார்கள். பெற்றோர் இரண்டையும் குழப்பிக்கொண்டதால், 2011இல் நிறுவனங்கள் அதைக் கைவிட்டு எல்லாவற்றையும் 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே செறிவுக்குக் கொண்டுவர முடிவெடுத்தன. அந்த ஊரிலேயே அப்படி என்றால், இரண்டு நாட்டு மருந்தும் ஒரே அலமாரியில் இருக்கும் நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் எந்த வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்தாலும் பாதி இந்த ஊர், பாதி அந்த ஊர்.

அதனால் மி.லி. கணக்கு எந்தப் பொதுப் பக்கத்திலும் வரவே கூடாது. ‘ஒரு கரண்டி’ என்று எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15 மி.லி., நம் வீட்டில் கரண்டி என்றால் சாம்பார் ஊற்றுவது.

பெரியவர்கள் விஷயத்திலும் எண் தனியாக நிற்காது. ஒரு பெரியவர் போனைக் கொண்டுவந்து காட்டினார். நீரிழிவு மருந்தான மெட்ஃபார்மின் நாளைக்கு 2,000 மி.கி. வரை என்று போட்டிருந்தது. “எனக்கு 500தானே குடுக்குறீங்க, மிச்சம் பிடிக்கிறீங்களா?” என்று கேட்டார். அவருடைய சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறது. வடிகட்டும் வேகம் 45க்குக் கீழே போனால் அளவைக் குறைக்கிறோம், 30க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம். இதை அந்தப் பக்கம் சொல்லவில்லை. நல்லவேளை, கூட்டிக்கொள்ளாமல் கேட்க வந்தார்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் மாத்திரையை நிறமாகத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள். பிரிட்டன் முறையில் பழுப்பு 1 மி.கி., நீலம் 3 மி.கி., இளஞ்சிவப்பு 5 மி.கி. அமெரிக்காவில் இளஞ்சிவப்பு என்றால் 1 மி.கி. ‘ஒரு இளஞ்சிவப்பு மாத்திரை’ என்று ஒரு கட்டுரை சொன்னால் எந்த ஊர்க்காரர் படிக்கிறார் என்பதைப் பொறுத்து ஐந்து மடங்கு.

மெதோட்ரெக்ஸேட் பற்றி எழுத நினைத்தால் தயவுசெய்து எண்ணே வேண்டாம். மூட்டுவாதத்துக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். ‘வாரம்’ என்ற ஒரு சொல் விழுந்து, தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை நின்று, உயிரே போகும். மொழிபெயர்ப்பில் முதலில் விழுகிற சொல் இந்த மாதிரிச் சின்னச் சொல்தான்.

ஆனால் தொகுப்பாளர் ஐயாவோடு முழுக்க உடன்பட மாட்டேன். பாராசிட்டமாலுக்கு ஓர் உச்ச வரம்பு கட்டாயம் வேண்டும். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4,000 மி.கி. எடை குறைந்தவர், கல்லீரல் நோயாளி, தினமும் குடிப்பவர் இவர்களுக்கு அதைவிடக் குறைவு. இதைச் சொல்லாத பாராசிட்டமால் கட்டுரை, ஆழம் சொல்லாமல் குளத்தைப் பற்றி எழுதிய மாதிரி. அதோடு ஒரு விஷயம் சேருங்கள். அதிகமாகச் சாப்பிட்டவருக்கு முதல் நாள் ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், அதுவும் இல்லாமல் போகலாம். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நினைப்பார். உள்ளே கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். மாற்று மருந்து இருக்கிறது, அசெட்டைல்சிஸ்டீன். எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் காப்பாற்றும். அதிகமாகிவிட்டது என்று தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஆபத்து என்றால் சிங்கப்பூரில் ஆம்புலன்சுக்கு 995. இந்த வரி தமிழில் எங்காவது இருக்கிறதா என்று நான் தேடிப் பார்த்திருக்கிறேன். தெளிவாக எங்கும் கண்ணில் படவில்லை.

பதில்: இரட்டைப்பிள்ளை அம்மா

நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். ‘மருத்துவரை அணுகவும்’ என்று முடிக்காதீர்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு பிள்ளை மடியில், ஒரு பிள்ளை தோளில். எந்தப் பக்கம் போனாலும் அந்த ஒரே வரி. அணுக முடிந்தால் நான் ஏன் போனைத் தடவுகிறேன்? எப்போது காத்திருக்கலாம், எப்போது ஓட வேண்டும் என்று சொன்னால்தான் உதவி. எண் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாட்டிலில் எந்த வரியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். டீச்சர் சொன்ன பிறகு எழுந்துபோய் என் வீட்டில் இருக்கும் மூன்று பாட்டிலையும் பார்த்தேன். மூன்றும் வேறு வேறு.

பதில்: கிராஞ்சி தம்பி

வணக்கம் டீச்சர், அண்ணா, அக்கா. நான் தங்கும் விடுதில இருக்கேன், கட்டுமான வேலை. ஊரு அறந்தாங்கி பக்கம். எழுதிப் பழக்கம் கம்மி, தப்பு இருந்தா மன்னிக்கணும்.

போடாதீங்கன்னு அண்ணா சொல்றது புரியுது. ஆனா எங்க நெலமைய கேளுங்க. கிளினிக்ல மருந்த சின்ன ஜிப் பையில போட்டுத் தருவாங்க. மேல ஸ்டிக்கர்ல எல்லாம் இங்கிலீஷ். தாள் எதுவும் உள்ள இருக்காது. கவுண்டர்ல வேகமா சொல்லுவாங்க, தலையாட்டிட்டு வந்துருவோம், பின்னாடி வரிசை நிக்குதுல்ல. ரூமுக்கு வந்து போன்ல பேசித் தேடுவோம், தமிழ்ல. ஊர்ல சீட்டுல 1-0-1ன்னு எழுதுவாங்க. காலைல ஒண்ணு, மதியம் இல்ல, ராத்திரி ஒண்ணு. அது எங்களுக்குப் படிக்கத் தெரியும். இங்க ஸ்டிக்கர் அப்படி இல்ல.

போன வருசம் எனக்கு டெங்கி. முதல் நாள் அது டெங்கின்னு தெரியாது. பக்கத்துக் கட்டில் அண்ணன் ஊர்லேந்து கொண்டுவந்த டோலோ 650 குடுத்தாரு, 650 மி.கி. பாராசிட்டமால் மாத்திர. போன்ல தேடுனா ஒரு வேளைக்கு ரெண்டு மாத்திர, நாலு வேளைன்னு போட்டிருந்துச்சு. அப்படியே போட்டேன். அதுக்கு மேல சளிக்குன்னு கடைல வாங்குன தூள் வேற, சுடுதண்ணில கலக்கிக் குடிச்சேன். ரெண்டாம் நாள் கிளினிக் போனப்ப டாக்டரம்மா எல்லாத்தையும் எடுத்து மேசைல வைக்கச் சொன்னாங்க. அந்தத் தூள்லயும் அதே மருந்துதான் இருக்குன்னு அப்பத்தான் தெரியும். ரெண்டு மாத்திர கணக்கு 500க்கு, 650க்கு இல்லன்னும் சொன்னாங்க. நான் 650ல எட்டு போட்டிருக்கேன், 5,200 ஆச்சு, தூளு தனி. ஒரு நாளோட நிறுத்துனதால தப்பிச்சேன்.

ஒரு ரூம்ல பன்னெண்டு பேரு. ஒருத்தருக்குக் காய்ச்சல்னா எல்லாரும் மருந்து குடுப்பாங்க, பாசம்தான். அதனால எழுதுங்க டீச்சர். எழுதாம விட்டா நாங்க தேடறத நிறுத்தப் போறதில்ல.

பதில்: மருந்தாளர், ஜூரோங்

தம்பி, நல்ல நேரத்தில் போனீர்கள். எல்லாரும் கவனிக்க ஒரு வரி: டெங்கியாக இருக்கலாம் என்று சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் தொடவே கூடாது, ரத்தக் கசிவைக் கூட்டும். பாராசிட்டமால்தான். அதுவும் பல நாள் காய்ச்சல் என்பதால் வரம்பு இன்னும் முக்கியம். அக்கா, இந்த ஊரில் படிக்கப்போகிறவர்களுக்கு இது கட்டுரையில் இருக்கட்டும்.

பதில்: ஈசூன் ஆசிரியை

ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று முறை படித்தேன். தம்பி, நீங்கள் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. உங்கள் பதிலைப் படித்த பிறகுதான் முடிவுக்கு வந்தேன்.

தொகுப்பாளர் ஐயா சொல்லும் ஆபத்து உண்மை. ‘மை’ ‘மி’ ஆன கதையைப் படித்தபோது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது. அந்தத் திருத்தத்தைச் செய்தவர் என்னிடம் படித்த பிள்ளையாகக்கூட இருக்கலாம். அதற்கு மருந்து, அலகுகளைச் சுருக்காமல் எழுதுவது. கட்டுரை முழுக்க மில்லிகிராம், மைக்ரோகிராம் என்று நீட்டி எழுதப்போகிறேன். இடம் போனால் போகட்டும்.

எழுதியது இதோ:

‘வளர்ந்தவர்கள் 24 மணி நேரத்தில், எல்லா மருந்துகளிலிருந்தும் சேர்த்து, 4,000 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உடல் எடை குறைந்தவர்கள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தினமும் மது அருந்துபவர்கள் ஆகியோருக்கு வரம்பு இதைவிடக் குறைவு. சளி, காய்ச்சலுக்குக் கடையில் வாங்கும் தூள்களிலும் கலவை மாத்திரைகளிலும் பாராசிட்டமால் இருக்கலாம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எத்தனை மாத்திரை, எத்தனை மில்லிலிட்டர் என்று இந்தக் கட்டுரை சொல்லாது. மாத்திரைக்கு மாத்திரை, பாட்டிலுக்குப் பாட்டில், நாட்டுக்கு நாடு அது மாறும். உங்கள் கையில் இருக்கும் பாட்டிலைத் திருப்பி, ஒரு மில்லிலிட்டரிலோ 5 மில்லிலிட்டரிலோ எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கும் வரியைத் தேடுங்கள். குழந்தையின் அளவு எடையைக் கொண்டு முடிவாவது. அந்த வரியையும் குழந்தையின் எடையையும் மருந்தாளரிடமோ மருத்துவரிடமோ தொலைபேசியில் சொன்னால் போதும், அவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள். வரம்பைத் தாண்டிவிட்டது என்று தெரிந்தால், நோயாளி நலமாகத் தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். முதல் 24 மணி நேரம் அறிகுறி எதுவும் தெரியாமல் போகலாம். மாற்று மருந்தை 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம்.’

டெங்கி வரியைத் தனிப் பத்தியாக மேலே வைத்திருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் சொல்லுங்கள்.

பதில்: கிராஞ்சி தம்பி

டீச்சர், ரூம்ல சத்தமா படிச்சுக் காட்டுனேன். எல்லாரும் நல்லாருக்குன்னாங்க. ஒரு அண்ணன் மட்டும் கேட்டாரு, “4,000ன்னா எங்கிட்ட இருக்கற அட்டைல எத்தன?” போன எடுத்து வகுத்தோம். 650ஆல வகுத்தா 6.15 வருது. அப்ப ஆறா ஏழான்னு ஒரே பேச்சு. ஏழுன்னும் ரெண்டு பேரு சொன்னாங்க. காய்ச்சல்ல கெடக்கறவன் வகுத்துப் பாக்க மாட்டான் டீச்சர்.

பதில்: ஈசூன் ஆசிரியை

நீங்கள் சொன்னது சரி. எனக்கு அது தோன்றவே இல்லை. வரம்பு வரிக்கு அடுத்து இதைச் சேர்த்துவிட்டேன்: ‘500 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு நாளில் எட்டுக்கு மேல் ஒருபோதும் கூடாது. 650 மில்லிகிராம் என்றால் ஆறுக்கு மேல் ஒருபோதும் கூடாது. இது சாப்பிட வேண்டிய எண்ணிக்கை இல்லை, தாண்டக் கூடாத எண்ணிக்கை.’ மாத்திரைக் கணக்கு சொல்லாது என்ற வாக்கியத்தையும் மாற்றி, ஒரு வேளைக்கு எத்தனை என்று சொல்லாது என்று ஆக்கிவிட்டேன். அந்த அண்ணனுக்கும் படித்துக் காட்டுங்கள். புரியவில்லை என்றால் மறுபடி எழுதுகிறேன்.

பதில்: பழைய தொகுப்பாளர்

டீச்சர், மாத்திரை எண்ணிக்கை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. எட்டை எவனாவது பதினெட்டு ஆக்கிவிட்டுப் போனால் என்ற பயம் போகாது. ஆனால் அழிக்க மாட்டேன். கட்டுரையை என் கவனிப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டேன், யார் தொட்டாலும் எனக்குத் தெரியும். என் ஒருத்தன் கண் போதாது. இன்னும் நாலைந்து பேர் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

பதில்: கிராஞ்சி தம்பி

அண்ணா, அத எப்படிச் செய்யணும்? நான் தெனமும் ராத்திரி போன் பாக்கறவன்தான். ரூம்ல இன்னும் ரெண்டு பேரு செய்றேங்கறாங்க.

பதில்: பழைய தொகுப்பாளர்

முதலில் ஒரு கணக்குத் தொடங்குங்கள் தம்பி. பிறகு கட்டுரையின் மேலே ஒரு நட்சத்திரம் இருக்கும், அதைத் தொட்டால் போதும். இன்று வேலை முடிந்து வந்ததும் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், கூடவே இருந்து சொல்லித் தருகிறேன். எந்த வரிகளில் எந்த எண் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி உங்கள் கட்டில் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்: 4,000, 500க்கு 8, 650க்கு 6.